முதல் பெயராக கோலியைச் சொன்னேன்

போன வருடம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ராத்திரி, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட வராந்தாவில் ஆட்டக்காரர் ஏலம் நடந்தது. செவன்ஸ் லீக், பக்கத்துக்கு ஏழு பேர் இறங்கி ஆடும் கால்பந்து. எட்டு டீம், டீமுக்குப் பத்துப் பேர், ஒவ்வொரு மேனேஜருக்கும் 1000 பாயின்ட். காசு கைமாறாது, பாயின்ட் மட்டும்தான். முறை வரும்போது மேனேஜர் ஒரு பெயரைச் சொல்லி ஏலத்தைத் தொடங்க வேண்டும். எனக்கு முன்னால் மூன்று பேர் மூன்று ஃபார்வர்டுகளைச் சொன்னார்கள். நான் ஒரு கோலியின், அதாவது கோல்கீப்பரின், பெயரைச் சொன்னேன்.

வராந்தாவில் பேச்சு நின்றுவிட்டது. பின்னாலிருந்து ஒரு பையன், “அண்ணே, நல்ல ஃபார்வர்டெல்லாம் இன்னும் கெடக்கானுவ, கேட்டியளா” என்றான். என்மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னான். அங்கே நின்று அவனுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். பத்துப் பன்னிரண்டு வருடமாக மனதில் சேர்ந்தது, கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

எங்கள் ஊர் நீரோடிக்கும் தூத்தூருக்கும் இடையில், கடலை ஒட்டி. நீரோடி தாண்டினால் பொழியூர், அது திருவனந்தபுரம் மாவட்டம். 1956 நவம்பர் 1-ஆம் தேதி இந்தப் பக்கம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. கடப்புறத்தில் பந்து தட்டும் பிள்ளைகளுக்கு அதனால் ஒன்றும் மாறவில்லை. பொழியூர்ப் பிள்ளைகள் எங்கள் டூர்னமென்டில் ஆடுவார்கள், எங்கள் பிள்ளைகள் அங்கே போவார்கள். மாநில டீம்கள் மோதும் சந்தோஷ் டிராபியில் தமிழ்நாட்டு ஜெர்சி போட்டவர்களும் கேரள ஜெர்சி போட்டவர்களும் இந்தச் சின்னக் கரையில் உண்டு. ஐஎஸ்எல்லில், அதாவது இந்தியன் சூப்பர் லீக்கில், ஆடிய மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர். அவர் லெஃப்ட் விங்கில் பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினால், எந்த டீமுக்கு ஆடினாலும் எங்கள் கரை முழுக்க அந்த டீம் பக்கம்தான்.

நான் ரைட் பேக் ஆடியவன். இப்போது கொச்சி தோப்பும்படி ஹார்பரில் எங்கள் ஊர் மீன்பிடிப் போட்டுகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். கலூர் ஸ்டேடியம் அங்கிருந்து ஒரு பஸ் தூரம். 2014-இல் கேரளா பிளாஸ்டர்ஸ் டீம் தொடங்கிய வருடத்திலிருந்து மஞ்சள் ஜெர்சியோடு அந்தக் கேலரியில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த முதல் மூன்று சீசனின் கணக்கு என் டைரியில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் டீம் எப்படிக் கட்டுவது என்பதில் எனக்கு ஒரு முடிவு வந்தது.

2014-இல் 14 லீக் ஆட்டங்களில் பிளாஸ்டர்ஸ் அடித்தது 9 கோல். ஃபைனலுக்குப் போனோம். 2015-இல் அதே 14 ஆட்டங்களில் 22 கோல் அடித்தோம், கடைசி இடம். 2016-இல் 13 கோல் அடித்தோம், இரண்டாவது இடம், மறுபடியும் ஃபைனல்.

இந்த மூன்று எண்ணையும் முதலில் எழுதிப் பார்த்தபோது நான் தப்பாகக் கூட்டிவிட்டேனோ என்று திரும்பச் சரிபார்த்தேன். சரிதான். கோல் அதிகமாக அடித்த வருடம்தான் நாங்கள் அடிமட்டத்தில் கிடந்தோம்.

2014 டீமுக்கு மேனேஜரும் டேவிட் ஜேம்ஸ், கோலியும் டேவிட் ஜேம்ஸ். பின்னால் நின்று முழு மைதானத்தையும் பார்க்கிற ஒருவன்தான் டீமை நடத்தினான். சண்டிகரிலிருந்து வந்த சந்தேஷ் ஜிங்கான் என்ற இளைஞன் அந்த வருடம்தான் எங்களுக்கு அறிமுகமானான். 2015-இல் சீசன் பாதியிலேயே கோச் போனார், யார் எங்கே நிற்கிறார்கள் என்பதே வாராவாரம் மாறியது. 2016-இல் ஸ்டீவ் கோப்பல் வந்தார். ஏரோன் ஹியூஸ், செட்ரிக் ஹெங்பார்ட், ஜிங்கான் என்று நடுப் பின்களத்தை முதலில் இறுக்கினார். அந்த வருடம் நாங்கள் வாங்கியது 15 கோல், அதில் 5 மும்பையில் ஒரே ராத்திரியில் வாங்கியது. மீதி 13 ஆட்டத்துக்கு 10 கோல்தான். ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்து ஜெயித்து மேலே வந்தோம். டிசம்பர் 18, கலூர், ஃபைனல். முகமது ரஃபி தலையால் முட்டிப் போட்ட கோலுக்கு நான் எழுப்பிய சத்தத்தில் இரண்டு நாள் எனக்குக் குரலே வரவில்லை. பெனால்ட்டியில் தோற்றோம். அந்த டீமை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். அதில் ஒவ்வொருவனுக்கும் பக்கத்தில் நிற்பவன் யார் என்று தெரிந்திருந்தது.

டிராஃப்ட் என்ற முறை ஐஎஸ்எல்லில் எப்படி இருந்தது என்று இப்போதைய பையன்களுக்குத் தெரியாது. 2014 ஜூலையில் மும்பையில் இந்திய ஆட்டக்காரர்களைச் சுற்று சுற்றாகப் பிரித்துக்கொண்டார்கள். யாருக்கு என்ன சம்பளம் என்று முன்பே தீர்ந்திருந்தது, டீம்காரர்கள் முறை வந்ததும் பெயரைச் சொன்னால் போதும். 2015-இல் பத்து இந்திய ஆட்டக்காரர்களுக்கு மட்டும் ஏலம் வைத்தார்கள். சுனில் சேத்ரியை 1.20 கோடிக்கு மும்பை எடுத்தது. சேத்ரி தன் வேலையைச் செய்தார், ஐஎஸ்எல்லில் இந்தியர் ஒருவர் போட்ட முதல் ஹாட்ரிக் அந்த வருடம் அவர் போட்டதுதான். மும்பை அரையிறுதிக்கு வரவில்லை. நவம்பரில் அட்டவணையின் அடியில் கிடந்த சென்னையின் எஃப்சி கடைசி நாலு லீக் ஆட்டத்தையும் ஜெயித்து, கோப்பையையும் தூக்கியது.

என் கண்ணில் நல்ல டிராஃப்ட் என்றால் 2017 ஜூலையில் ஜம்ஷெட்பூர் செய்தது. புது டீம், கையில் ஒரு ஆளும் இல்லை. முதலில் எடுத்தது கொண்டோட்டிக்காரர் அனஸ் எடத்தொடிகாவை, 1.10 கோடி, ஸ்டாப்பர், அதாவது கோலிக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிறவர். அடுத்து சுப்ரதா பால், 87 லட்சம், கோலி. ஹார்பர் ஆபீசில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு ஒரு மீன் வியாபாரி, “கோல் அடிக்க ஆரு இருக்கு?” என்று மலையாளத்தில் கேட்டார். அந்த டீமுக்கு கோச் யார் என்று பாருங்கள் என்றேன். எங்களை விட்டுப் போன கோப்பல்தான். அவர்களுடைய முதல் மூன்று ஆட்டமும் 0-0. அதில் ஒன்று கலூரில், எங்களோடு. நாங்கள் முட்டி முட்டிப் பார்த்தும் அந்தச் சுவரில் ஒரு கல் நகரவில்லை. அந்த சீசனின் சிறந்த கோலிக்கான கோல்டன் க்ளவ் சுப்ரதா பாலுக்குத்தான் போனது. புது டீம் ஐந்தாவது இடத்தில் முடித்தது.

அதே 2017-இல் பழைய டீம்கள் இரண்டு சீனியர் ஆட்டக்காரர்களைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்று விதி இருந்தது. நாங்கள் சி.கே. வினீத்தையும் ஜிங்கானையும் வைத்துக்கொண்டோம். சென்னையின் எஃப்சி வைத்துக்கொண்டது ஃபார்வர்டு ஜேஜேயையும், கோலி கரண்ஜித் சிங்கையும். இரண்டில் ஒன்றைக் கோலிக்குக் கொடுத்தார்கள். அடுத்த மார்ச்சில் பெங்களூரில் 3-2 என்று ஜெயித்துக் கோப்பை வாங்கினார்கள். அந்த ஃபைனலில் இரண்டு கோலைத் தலையால் போட்டவர் மைல்சன் ஆல்வெஸ், அவரும் ஸ்டாப்பர்.

2018-இலிருந்து டிராஃப்ட் இல்லை, கிளப்பே பேசி எடுத்துக்கொள்கிறது. அது நல்லதுதான் என்று நினைக்கிறேன். ஆனால் டிராஃப்டை முழுக்கக் குறை சொல்லவும் மாட்டேன். அமெரிக்கக் கால்பந்தில், அவர்கள் கையால் ஆடுகிற அந்த ஆட்டத்தில், போன சீசனில் கடைசியாக வந்த டீம்தான் புது ஆட்டக்காரர்களில் முதல் ஆளை எடுக்கும். நொடிந்தவனுக்கு முதல் கை. அந்த எண்ணம் எனக்குப் பிடிக்கும். எங்கள் ஊர் லீக்கில் கடைசி டீமின் மேனேஜர் முதல் பெயரைச் சொல்ல வேண்டும் என்று விதி கொண்டுவந்ததே நான்தான். ஆனால் அங்கேயும் 2000-ஆம் வருடம் டாம் பிரேடி என்பவரை 199-ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள், அவர்தான் பிறகு அந்த ஆட்டத்தின் பெரிய பெயர். பெயர் வாசிக்கிற வரிசையில் ஒருவன் எங்கே வந்தான் என்பதை வைத்து அவன் யார் என்று சொல்லிவிட முடியாது. அவனைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

சஹல் அப்துல் சமதைப் பாருங்கள். கண்ணூர் பல்கலைக்கழக டீம், கேரளத்தின் சந்தோஷ் டிராபி டீம், பிளாஸ்டர்ஸின் ரிசர்வ் டீம், பிறகுதான் மேலே வந்தார். யாரோ ஒருவர் வெயிலில் நின்று அந்தப் பையனைப் பார்த்திருக்கிறார். இப்படி வளர்த்த ஆளை 2023-இல் மோகன் பகானுக்குக் கொடுத்துவிட்டு பிரீதம் கோட்டாலை வாங்கிக்கொண்டார்கள். கோட்டால் நல்ல டிஃபெண்டர், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனாலும் அன்றைக்கு என் மகன் சாப்பிடவில்லை. 18-ஆம் நம்பர் ஜெர்சியை மடித்து அலமாரியில் வைத்தவன் இன்னும் எடுக்கவில்லை.

எனக்கு இதைவிட வலித்தது அதற்கு முந்தைய வருடம். 2021-22-இல் இவான் வுகோமனோவிச் கட்டிய டீம், பத்து ஆட்டம் தொடர்ந்து தோற்காத டீம். முன்னால் ஆல்வாரோ வாஸ்குவெஸ், ஜார்ஜ் பெரேரா டியாஸ். இரண்டு பேரும் ஆளுக்கு 8 கோல். ஒருவன் இறங்கிப் பந்து வாங்கினால் மற்றவன் அவன் விட்ட இடத்துக்குள் ஓடுவான், அவர்களுக்குப் பின்னால் மிட்ஃபீல்டில் லூனா. ஃபைனலில் ஹைதராபாத்திடம் மறுபடியும் பெனால்ட்டியில் தோற்றோம். தோற்றதைப் பொறுத்துக்கொண்டேன். அடுத்த சீசனில் வாஸ்குவெஸ் கோவாவுக்கும் டியாஸ் மும்பைக்கும் போனபோதுதான் பொறுக்கவில்லை. அதற்கு அடுத்த வருடம் கோலி பிரப்சுகன் கில்லும் ஈஸ்ட் பெங்கால் போனான். இரண்டு பேர் சேர்ந்து ஆடிப் பழக ஒரு வருடம் ஆகிறது. பழகி முடித்ததும் பிரித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் எப்போதுதான் டீம் ஆகும்?

கேரளத்தில் இதைச் சரியாகச் செய்து காட்டிய ஒரு டீம் உண்டு. கேரளா போலீஸ். நல்ல பையன்களைத் தேடிப் பிடித்து வேலை கொடுத்து, ஒன்றாக வைத்துக்கொண்டார்கள். சத்யன், விஜயன், பாப்பச்சன், ஷரஃபலி. 1990-இல் திருச்சூரில் இந்திய கிளப்களுக்கான ஃபெடரேஷன் கப், அடுத்த வருடமும் ஃபெடரேஷன் கப். அப்போது நான் சின்னப் பையன். அப்பா வலை பின்னிக்கொண்டே ரேடியோவில் மலையாள கமென்டரி கேட்பார். அவர் வாயிலிருந்து அந்தப் பதினோரு பெயரும் ஜெபமாலை சொல்வதுபோல வரிசையாக வரும். இரண்டு வருடமும் அதே பெயர்கள் வந்தன என்பதுதான் விஷயம்.

இனி எங்கள் ஊர்க் கதை.

நான் முதல் தடவை மேனேஜரானபோது எல்லாரும் செய்வதைத்தான் செய்தேன். ஊரிலேயே நல்ல ஃபார்வர்டை 460 பாயின்டுக்கு எடுத்தேன். மீதி ஒன்பது பேருக்கு 540, ஆளுக்கு 60. அந்தப் பையன் ஏழு ஆட்டத்தில் ஒன்பது கோல் போட்டான். நாங்கள் வாங்கியது 17. ஆறாவது இடம். நான்காவது ஆட்டம் முடிந்து அவன் மணலில் உட்கார்ந்து, “நான் போடுகேன், அவன்மாரு வாங்குகான். நான் இன்னும் எத்தற போடணும் அண்ணே?” என்று கேட்டான். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. அவனை நான்தான் அந்த நிலைக்குக் கொண்டுபோனேன்.

போன வருடம் கோலியை 210-க்கு எடுத்தேன். அடுத்த முறையில் அவனுடைய மச்சானை 180-க்கு எடுத்தேன், ஸ்டாப்பர். மாமன் மச்சான் இரண்டு பேரும் ஒரே போட்டில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள், ஆறேழு வருடமாக. போட்டு குலுங்கும்போது இரைச்சலுக்கு நடுவே ஒரு சொல்லில் பேசிப் பழகியவர்கள். மைதானத்திலும் அப்படித்தான். கோலி “விடு” என்பான், இவன் காலைத் தூக்கிவிடுவான், பந்து நேராகக் கோலியின் கைக்குப் போகும். “வலம்” என்பான், திரும்பிப் பார்க்காமலே வலப்பக்கம் நகர்வான். செவன்ஸில் மைதானம் சின்னது, யோசிக்க நேரமே கிடையாது. ஏழு லீக் ஆட்டத்தில் நாங்கள் வாங்கியது நாலு கோல். அடித்தது எட்டுதான். ஃபைனல் வரை போனோம், டை பிரேக்கரில், அதாவது பெனால்ட்டியில், தோற்றோம். ஆம், டை பிரேக்கரில்தான்.

ஆனால் இதில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது, கலூரில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாத சிக்கல். ஆழ்கடல் போட்டு கிளம்பினால் முப்பது, நாற்பது நாள். கிறிஸ்துமஸுக்குக் கரைக்கு வந்தவர்கள் புது வருடம் கழிந்து எந்த நாளும் கிளம்பலாம். ஒரே போட்டில் போகிறவர்களை எடுத்தால் புரிதல் இருக்கும், சரி. போட்டு கிளம்பினால் இரண்டு பேரும் ஒரே நாளில் போய்விடுவார்கள். அதனால் என் நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று விவரம் எழுதுவேன்: எந்தப் போட்டு, எப்போது வந்தது, எப்போது கிளம்பும். கணக்கு எழுதுகிற வேலையில் எனக்கு இந்தத் தேதிகள் முன்னாலேயே தெரிந்துவிடும். தெரிந்ததை மற்ற ஏழு மேனேஜர்களுக்கும் சொல்லிவிடுவேன். அதை மறைத்து ஜெயித்தால் அது ஜெயிப்பே கிடையாது. பெஞ்சில் இருக்கிற மூன்று பேரில் ஒருவனாவது கடலுக்குப் போகாதவனாக, காலேஜ் பையனாகவோ ஐஸ் பிளான்டில் வேலை பார்ப்பவனாகவோ, பார்த்து எடுப்பேன். ஒரு சப் கோலி கட்டாயம் வேண்டும். இதைச் சொன்னால் சின்ன விஷயம் மாதிரி இருக்கும். போன வருடம் அரையிறுதியில் ஒரு நல்ல டீம் ஸ்டாப்பரைக் கோலியாக நிறுத்தி நாலு கோல் வாங்கியது, அவர்களுடைய கோலி அன்று விடியற்காலையில் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கிளம்பிவிட்டான்.

2017-இல் டூர்னமென்ட் நடக்கவில்லை. நவம்பர் 30, ஒக்கி புயல். அந்த வருடத்துக்கு நான் முன்கூட்டியே எழுதிவைத்திருந்த லிஸ்ட் இன்னும் நோட்டில் இருக்கிறது. அதில் இரண்டு பேர் திரும்பி வரவில்லை. அந்தப் பக்கத்தை நான் கிழிக்கவில்லை, அதற்கு மேல் வேறு எதுவும் எழுதவுமில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு என் குறைக்கு வருகிறேன். எங்கள் லீக்கில் ஒவ்வொரு வருடமும் எண்பது பேரும் திரும்ப ஏலத்துக்கு வரவேண்டும். எல்லாருக்கும் சம வாய்ப்பு என்பது கமிட்டியின் எண்ணம். அந்த எண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் சேர்ந்து பழகிய இரண்டு பேர் டிசம்பர் 26-ஆம் தேதி எதிரெதிர் டீமில் விழுந்தால் அதில் யாருக்கும் லாபமில்லை. அந்த மாமன் மச்சான் அதற்கு முந்தைய வருடம் அப்படித்தான் பிரிந்து ஆடினார்கள். மச்சானுக்குப் பின்னால் வேறொரு கோலி, சத்தமே போடாதவன். அந்த சீசன் முழுக்க மச்சான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஆடியதை நான் பார்த்தேன்.

கமிட்டிக்குப் போன மாதம் ஒரு கடிதம் எழுதினேன். டீமுக்கு இரண்டு பேரைத் தக்கவைக்க அனுமதி வேண்டும், அதற்கு ஈடாக அவர்கள் போன வருடம் போன விலையோடு 50 பாயின்ட் சேர்த்துக் கழித்துக்கொள்ளலாம், கடைசி இரண்டு டீமுக்கு மட்டும் மூன்று பேர் வரை அனுமதிக்கலாம். பாதர் முன்னிலையில் இரண்டு மணி நேரம் பேசினோம். ஒரு பெரியவர், “அப்போ நல்ல டீம் நல்ல டீமாட்டே கெடக்குமே?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. விலை ஏறிக்கொண்டே போகும், மூன்றாவது வருடம் விட்டுத்தான் ஆகவேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். என் இரண்டு பேருக்கே 210-ம் 180-ம் சேர்ந்து 390, அதோடு இந்த வருடம் 100. மீதி 510-இல் எட்டுப் பேர். அந்த எட்டில் என்னால் பெரிய ஃபார்வர்டு எடுக்க முடியாது. தெரிந்தே ஒத்துக்கொள்கிறேன்.

கமிட்டி சம்மதித்தது. ஒரே ஒரு நிபந்தனை சேர்த்தார்கள், நானே யோசித்திருக்க வேண்டிய நிபந்தனை: தக்கவைக்கிற ஆட்டக்காரன் தன் கையால் கையெழுத்துப் போட வேண்டும். அவனுக்கு விருப்பம் இல்லாவிட்டால் ஏலத்துக்குப் போகலாம்.

பேப்பர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கொடுக்கவேண்டும். இரண்டு பேரும் கடலில் இருக்கிறார்கள். போட்டு நாளை மறுநாள் கொச்சிக்கு வரும் என்று ஓனருக்குத் தகவல் வந்திருக்கிறது. படிவத்தில் இரண்டு பெயரையும் எழுதி, பக்கத்தில் இடம் விட்டு, பேனாவோடு சேர்த்து என் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். மீன் இறக்கி முடிந்ததும் நேராக ஆபீசுக்கு வரச் சொல்லி ஹார்பர் வாசலில் டீக்கடைக்காரரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்.